காட்டுச் சரக்கும் தோட்டத்துச் சரக்கும்

அகில் கட்டை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, “பாய், இது காட்டுச் சரக்கா, தோட்டத்துச் சரக்கா?” என்பதுதான். நாம் சொல்லும் பதிலில் நம் நாணயத்தோடு ஒரு மரத்தின் ஆயுளும் அடங்கியிருக்கிறது என்றால் சில அன்பர்கள் நகைக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

மலாய்க்காரர் ‘கரஸ்’ என்றழைக்கும் மரமே அகில் தருவது. நோயற்ற மரத்தில் மணமில்லை. வெறும் வெள்ளைக் கட்டை. காயம்பட்டுப் பூஞ்சணம் பற்றினால், தன்னைக் காத்துக்கொள்ள மரம் கரும்பிசினைச் சுரக்கிறது. எந்த மரத்துள் சரக்கிருக்கிறதென்று வெளியே நின்று சொல்வது கடினம். ஆகவே காட்டில் ஒன்றுக்காகப் பல மரங்களை வீழ்த்தினார்கள். 1995-ல் இம்மரம் ‘சைட்டீஸ்’ என்னும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் ஏறியது; அனுமதிச் சீட்டில்லாமல் கப்பலேற்றக் கூடாதென்றாயிற்று.

பிறகு தோட்டம் போட்டார்கள். மரத்தைத் துளையிட்டு, மருந்து செலுத்தி, மனிதனே காயத்தை உண்டாக்குகிறான். ரவாங் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு இது விளங்காத சங்கதியன்று. ஆனால் ரப்பர் மரம் காயத்தோடே பல்லாண்டு பால் தரும்; கரஸ் மரத்தைப் பெரும்பாலும் சாய்த்துத்தான் சரக்கெடுக்க வேண்டும். இருந்தாலும் நட்டவன் நட்டதை வெட்டுகிறான். அதில் நாம் குற்றம் காணவில்லை.

குற்றம் பெயரில் நுழைகிறது. கடையில், தோட்டத்துச் சரக்கு காட்டுச் சரக்காகிறது; விலை ஏறுகிறது. துறைமுகத்திலோ, திருட்டுத்தனமாய் வெட்டிய காட்டுக் கட்டையைத் தோட்டத்து விளைச்சல் என்று எழுதுவாரும் உண்டு. ஒன்றுக்கொன்று எதிரான பொய்கள்; அடிபடுவது ஒரே மரம். காட்டுச் சரக்குத்தான் உயர்ந்ததென்று நாமே ஓயாமல் சொன்னால், கோடரியோடு காட்டில் நுழைபவனுக்குக் கூலியை நிச்சயிப்பவர் யார்? யோக்கியமாய்ப் பயிரிட்டவன் சரக்குக்குப் பெயர் எடுப்பது எப்போது?

“வாங்குகிறவருக்கு வேண்டியது மணம், பிறப்பு எதற்கு?” என்பார் உண்டு. மணம் போதுமென்றால் பொய் எதற்கு? இளமரத்துப் பிசினில் அழுத்தம் குறைவாயிருக்கலாம். அதையும் சொல்லித்தான் விற்கவேண்டும். சரக்கின் குறையை மறைத்து விற்பது ஆகுமானதல்ல என்பதை எந்த ஆலிமும் நமக்குப் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துக் கடைக்காரர் பொய் சொல்லி விற்கையில் நாம் மட்டும் மெய் பேசினால் கல்லா காலியாகாதா? ஆகலாம். இந்தப் பயத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. மொத்த வியாபாரி சொன்னதை விசாரியாமல், “அசல் காட்டுச் சரக்கு” என்று நாமும் சொல்லி விற்றிருக்கிறோம்.

இப்போது இரண்டையும் தனித்தனித் தட்டில், தனித்தனிப் பெயரில் வைத்திருக்கிறோம். எங்கிருந்து வந்ததென்று தெரியாத பழைய கட்டைகளை என்ன செய்வதென்று பலநாள் குழம்பினோம். அவற்றின் மேல் ‘பிறப்பிடம் தெரியாது’ என்றே எழுதிவிட்டோம். விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள், கொடுக்கிறோம்.