தகப்பன் கைகட்டிக் கேட்ட பாடம்



தண்ணீர்மலையில் 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் போய் பாலதண்டாயுதபாணியைக் கும்பிடுகிறோம். பெயரிலேயே பாலன். அந்தச் சின்னப் பிள்ளையைத்தான் தகப்பன்சாமி என்றும் சொல்கிறோம்.

கதை தெரிந்ததுதான். கைலாயத்துக்கு வந்த பிரம்மா, 'பொடியன்தானே' என்று முருகனைக் கண்டுகொள்ளாமல் போனார். முருகன் கூப்பிட்டு, "என்ன வேலை பார்க்கிறீர்?" என்றான். "படைக்கிறேன், வேதம் ஓதிப் படைக்கிறேன்." "எங்கே, ஓதும் பார்ப்போம்." 'ஓம்' என்று ஆரம்பித்தார். "அதற்கு என்ன பொருள்?" பிரம்மா முழித்தார். தலையில் குட்டு, அப்புறம் சிறை!

பிரம்மாவுக்கு வேலை தெரியாமலா போயிற்று? காலங்காலமாகச் செய்த வேலை. தினமும் சொல்கிற சொல்லின் பொருளைத் தேடுவதை மட்டும் விட்டுவிட்டார். நம் தொழிற்சாலைகளிலும் இது நடக்கிறது. "இந்த மெஷினை ஏன்ணே இந்தச் சூட்டிலேயே ஓட்டுறோம்?" என்று புதுப் பையன் கேட்பான். "அப்படித்தான் ஓட்டணும், போய் வேலையைப் பாரு" என்று பதில் வரும். காரணம் அண்ணனுக்கும் தெரியாது. பையன் அதற்குப் பிறகு எதையும் கேட்க மாட்டான். ஆறு மாதத்தில் அவனும் சின்ன பிரம்மா ஆகிவிடுவான். நல்ல யோசனைகள் நம் லைனில் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

சிவபெருமான் என்ன செய்தார்? பிரம்மாவை விடுவிக்க வந்தவர், "உனக்குப் பொருள் தெரியுமா?" என்று மகனையே கேட்டார். "சீடனாகக் கேட்டால் சொல்வேன்" என்றான் பிள்ளை. எல்லாம் அறிந்தவர், கைகட்டி, வாய்பொத்தி, காது கொடுத்தார். சுவாமிமலை அந்த இடம். பிரம்மாவும் வேலையை இழக்கவில்லை. திரும்பவும் படைக்கத்தான் போனார்.

சூப்பர்வைசராக, டீம் லீடராக இருக்கும் அண்ணன்மார், அக்காமாரே! அடுத்த கூட்டத்தில் நீங்கள் முதலில் பேசாதீர்கள். பெரியவர் பேசிவிட்டால் மற்றவர் தலையாட்டத்தான் செய்வார்கள். நேற்றுச் சேர்ந்தவனை முதலில் பேச விடுங்கள்.

நம் பினாங்கே இதற்குச் சாட்சி. 1972-இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை தொடங்கியது. 1989-இல் அங்கே பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் உருவானபோது, சந்தையில் போட்டி போட்ட நிறுவனங்களே பயிற்சிக்காக ஒன்று சேர்ந்தன. போட்டிக் கம்பெனிகளால் முடிந்தது, ஒரே ஷிப்டில் நிற்கும் நமக்கு முடியாதா?

தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முருகன் கேள்வி கேட்டதோடு நிற்கவில்லை, விடையும் வைத்திருந்தான். 'நம்மை யார் மதிக்கிறா' என்று கேன்டீனில் புலம்பினால் போதுமா? மனிதவள மேம்பாட்டு நிதிக்கு உங்கள் முதலாளி மாதாமாதம் சம்பளக் கணக்கில் 1% கட்டுகிறாரா என்று விசாரியுங்கள். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் பெரும்பாலான இடங்களில் கட்டுவார்கள். அது உங்கள் பயிற்சிக்கான பணம். உங்கள் சம்பளத்தில் பிடிப்பதும் இல்லை. எந்தப் பயிற்சி வேண்டும், அதை வைத்து லைனில் எதை மாற்றுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, திங்கட்கிழமையே அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.