எழுதாத பெயர்

ஜெஞ்சாரோமில் மழை விட்ட மாலை. ஒட்டுக்கடை மேசையில் இரண்டு தே ஓ. குரு ஓய்வுபெற்ற நிரலர்; அவருடைய அப்பா செம்பனைத் தோட்டத்தில் கிராணி. சீடன் கிள்ளானிலிருந்து மடிக்கணினியோடு வந்திருக்கிறான்.

சீடன்: சார், 'மெம்செட்' எங்கேன்னு லிங்கர் கேக்குது. நான் அதைக் கூப்பிடவே இல்லை. கோடு முழுக்கத் தேடிட்டேன்.

குரு: எந்த ஃபைல்ல கேக்குது?

சீடன்: அதைப் பார்க்கலை. ஆப்டிமைசேஷனை அணைச்சேன், சரியாப் போச்சு.

குரு: சரியாப் போகல தம்பி, கேட்டவன் வாயைப் பொத்தியிருக்கே. திரும்பப் போடு. 'என்எம்' ஓட்டு, எந்த ஆப்ஜெக்ட் ஃபைல்ல மெம்செட்டுக்குப் பக்கத்துல 'யூ' நிக்குதுன்னு பாரு. அந்த ஃபைலுக்கு 'ஆப்ஜ்டம்ப்' போட்டா கூப்பிடுற இடமே தெரியும்.

சீடன்: பஃபரைத் துடைக்கிற ஃபங்ஷன் சார். 256 பைட்டுக்கும் ஒவ்வொண்ணா பூஜ்யம் போடுற லூப் எழுதியிருந்தேன். லூப்பையே காணோம்! அங்கே மெம்செட்டுக்கு ஒரு அழைப்பு மட்டும் இருக்கு.

குரு: நீ எழுதினது லூப். வேண்டினது?

சீடன்: 256 பைட்டும் பூஜ்யமாகணும்.

குரு: கம்பைலர் வாக்குக் கொடுத்தது அதுக்குத்தான். அது காப்பாத்துறது பொருளை, சொல்லை இல்லை. ஜிசிசி 10-லேர்ந்து 'ஓ2' போட்டாலே இந்த மாற்றம் நடக்கும்.

சீடன்: சொல்லும் பொருளும் பிரியாதுன்னு தமிழ் வாத்தியார் சொல்லித் தந்தாரே.

குரு: அவரே நிகண்டும் காட்டியிருப்பாரே. கடலுக்கு எத்தனை பெயர்?

சீடன்: ஆனா லைப்ரரியே கிடையாது, 'ஃப்ரீஸ்டாண்டிங்'னு சொல்லித்தான் கம்பைல் பண்ணேன்.

குரு: அப்பவும் நாலு பெயர் வேணும்னு ஜிசிசி கையேட்டிலேயே இருக்கு: மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப். நாமதான் கொடுக்கணும். லினக்ஸ்காரங்களுக்கே இப்படி ஒண்ணு நடந்திருக்கு. 2008-ல ஜிசிசி 4.3 வந்த சமயம். நேனோ செகண்டிலிருந்து நூறு கோடி நூறு கோடியாக் கழிச்சு செகண்டு எண்ணுற லூப் ஒண்ணு கர்னல்ல இருந்தது. பெரும்பாலும் ஒரு சுத்து கூட வராது, வகுக்கிறதைவிட மலிவு. அதனாலதான் கழித்தலா எழுதினாங்க. கம்பைலர், 'ஓ, வகுத்தல்'னு புரிஞ்சுகிட்டது. 32 பிட் கர்னலை லிங்க் பண்ணினா 'யூடிவ்டிஐ3' இல்லைன்னு நின்னுபோச்சு. அந்தப் பெயரைப் பதம் பிரி பார்ப்போம்.

சீடன்: யூ... குறியில்லா எண். டிவ், வகுத்தல். டிஐ?

குரு: 64 பிட் முழு எண். 3-ன்னா உள்ளே போறது ரெண்டு, வெளியே வர்றது ஒண்ணு. பெயரே ஜாதகம். பயந்தவன் படிக்கிறதில்லை.

சீடன்: எப்படிச் சரி பண்ணாங்க?

குரு: லூப்புக்குள்ள ஒரு அசெம்பிளி வரி போட்டாங்க. அதுல கட்டளை ஒண்ணுமே இல்லை. ஆனா 'இந்த எண் இங்கே மாறியிருக்கலாம்'னு கம்பைலர் நினைச்சுக்கும், முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது. சும்மா இருக்கிற ஒரு வரி!

சீடன்: என்எம் பட்டியல்ல 'எல்டிஓ பிரைவ்'னு வாலோட சில பெயர் இருக்கே?

குரு: அப்பா செக்ரோல்ல மூணு முனியாண்டி. ஆளுக்கொரு லயத்துல இருந்தவரை குழப்பமில்லை. மூணு லயத்தையும் ஒரே பெரட்டுல நிறுத்தினதும் பக்கத்துல எண் போட்டார். வெவ்வேற ஃபைல்ல ஒரே பெயர்ல ஸ்டாட்டிக் ஃபங்ஷன் இருந்தா, ஒண்ணாக் கட்டும்போது கம்பைலரும் இப்படித்தான் எண் போடும்.

சீடன்: 'கான்ஸ்ட்ப்ராப்.0'வும் முனியாண்டிதானா?

குரு: இல்ல, அங்கே உவமை உதவாது. அது அதே ஆளோட நகல். ஒரு ஆர்க்யுமென்டுக்கு எப்பவும் 5-தான் வருதுன்னா, 5-ஐ உள்ளேயே வச்சுத் தைச்ச நகல். மூல ஃபங்ஷன் முகவரியில பிரேக்பாயின்ட் வச்சுட்டு நிக்கலையேன்னு புலம்பாதே, ஓடுறது நகல்.

சீடன்: புரியுது சார். மெம்செட்டை நானே எழுதிடறேன். நாலு வரி லூப்தானே.

(எழுதுகிறான். லிங்கர் ஒன்றும் கேட்கவில்லை. போர்டில் ஏற்றுகிறான். விளக்கு எரியவில்லை.)

குரு: ஆப்ஜ்டம்ப் போடு.

சீடன்: (நெடுநேரம் பார்த்துவிட்டு) சார்... மெம்செட்டுக்குள்ள மெம்செட்டைக் கூப்பிடுது.