விருந்தாளி போன பிறகு

2022 ஆகஸ்ட் 2 இரவு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நான்சி பெலோசி தைபேயில் வந்து இறங்கினார். மறுநாள் தைவான் அதிபர் சாய் இங்-வென்னைச் சந்தித்தார். அன்று மாலையே கிளம்பிவிட்டார். முழுதாக ஒரு நாள்கூடத் தங்கவில்லை. ஆகஸ்ட் 4 அன்று தீவைச் சுற்றி ஆறு கடற்பகுதிகளில் சீன ராணுவம் பயிற்சி தொடங்கியது, ஏவுகணைகள் பறந்தன. தைவானின் எலுமிச்சை வகைப் பழங்களையும் சில மீன்களையும் வாங்குவதைச் சீனா நிறுத்தியது. நிலா விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் பம்பளிமாஸ் பயிரிட்டவர்கள் ஒரு சந்தையை இழந்தார்கள்.

ஆதரவு தெரிவிப்பது ஒருவர், அதன் விலையைக் கொடுப்பது இன்னொருவர் என்றால், அந்த ஆதரவு அறமாகுமா?

"எதற்காகச் சீண்ட வேண்டும்?" என்று அப்போது பலர் கேட்டார்கள். எனக்குப் பழகிய கேள்வி அது. அடிபட்டு வந்தவளிடம் "நீ ஏன் வாய் கொடுத்தாய்?" என்று கேட்கும் அதே குரல். கை ஓங்கியவனின் கோபத்தை மழை, வெயில் போல இயற்கையாக்கிவிட்டு, அவளை மட்டும் குடை பிடிக்கச் சொல்கிறது. 1997இல் நியூட் கிங்ரிச் சபாநாயகராகவே தைவானுக்கு வந்து போனார். அப்போது இவ்வளவு நடக்கவில்லை. சீனாவின் பலம் அன்று வேறு என்பதால், பெண் என்பதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2016இல் சாய் பதவியேற்ற சில நாட்களில், சீன அரசு செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த இதழொன்று, அவர் திருமணமாகாதவர், குடும்பப் பாரம் இல்லாதவர், அதனால் அவருடைய அரசியல் தீவிரமானது என்று எழுதியதையும் மறக்கமாட்டேன்.

இங்கே என் உவமையையே நான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. தைவானை ஓர் அபலைப் பெண்ணாகவும், ஒருவரை மிரட்டுபவராகவும் மற்றவரைக் காப்பவராகவும் பார்த்தால், மூன்றாவதாக அங்கே யாருமே இல்லாமல் போகிறார்கள். அங்கே 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். சாயை இருமுறை தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். விருந்தாளியை வரவேற்று விருது கொடுத்தவர் சாய். "போகாதே, அவர்களுக்குத்தான் ஆபத்து" என்று வெளியே இருந்து சொல்பவர்களும் அவர்களைக் கேட்காமல்தான் முடிவெடுக்கிறார்கள்.

ஏவுகணைக்கான பழி ஏவியவருடையது. அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பழி இல்லை என்பதால் விருந்தாளியின் கடமை தீர்ந்துவிடாது. 2023 மே மாதம் லிஸ் டிரஸும் தைபே வந்தார், பிரிட்டன் பிரதமர் பதவியை விட்டு இறங்கிய பிறகு. பதவி போனபின் துணிவது எளிது.

வன்முறை நடக்கும் வீட்டுக்குத் துணைக்குப் போகும் பெண்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: "நாங்கள் வரட்டுமா?" "நாங்கள் போன பிறகு ராத்திரி என்ன செய்வாய்?" முதல் கேள்விக்குத் தைபே பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதை, பம்பளிமாஸ் தோட்டத்தில் நின்று யாராவது கேட்டார்களா?