மெல்ல நடப்பவரின் வேகம்

ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில், அருப்புக்கோட்டையில் விசைத்தறிகள் சில வைத்து நடத்தும் அன்பர் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், எட்டு வயது மகன், எழுபதைக் கடந்த தாயார் ஆகிய அனைவரும் உடன் வந்திருந்தனர். அன்பர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமீது விரித்தார். "சாமி, பிள்ளைகளுக்குப் பனியைப் பார்க்கணும், பனியில சறுக்கிப் பழகணும்னு ரொம்ப ஆசை. கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுநாள் சொந்த வண்டியிலேயே மணாலிக்குக் கிளம்பலாம்னு இருக்கோம். இது ஆடம்பரமா, இல்லையா? நீங்கதான் சொல்லணும்" என்றார்.

வினா எளிதாகத் தோன்றினாலும் அதன் பின்னே இம்மண்ணின் தயக்கம் ஒன்று நிற்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயை நிரப்பினால் அந்த ஆண்டு பிழைத்தது. நிரப்பாவிடில் பருத்தியும் மிளகாயும் விதைத்தவன் கடனாளியானான். குண்டாற்றில் நீரைக் கண்ட நாள்களைவிட மணலைக் கண்ட நாள்களே நம்மில் பலருக்கு மிகுதி. இத்தகைய மண்ணில் பிறந்தவனுக்கு உல்லாசப் பயணம் என்ற சொல்லே குற்றவுணர்வைத் தருகிறது. திருத்தலப் பயணம் என்றால் கூச்சமின்றிப் புறப்படுவான். வேளாங்கண்ணிக்கு நடந்தே போவான். மகிழ்ச்சிக்காக மட்டும் போகிறேன் என்று சொல்ல அவனுக்கு நா எழுவதில்லை.

இத்தயக்கத்துக்கு நமது இறையியல் மரபு நெடுங்காலம் முன்பே விடை கூறிவிட்டது. புனித தோமா அக்குவினார் தமது இறையியல் தொகுப்பில் விளையாட்டைக் குறித்துத் தனியே ஆராய்கிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டுவது போலவே உழைத்த உள்ளத்துக்கும் ஓய்வு வேண்டும்; களிப்பே அவ்வோய்வு என்பது அவர் கருத்து. அளவு மீறிய கேளிக்கையை அவர் கண்டிக்கிறார். தானும் மகிழாமல், பிறர் மகிழ்ச்சிக்கும் இடையூறாய் நிற்பதையும் அவர் குற்றமாகவே எண்ணுகிறார். பனிச்சறுக்கையே எடுத்துக்கொண்டால், முன்னாளில் நாம் இரண்டாம் அருள் சின்னப்பர் என்று அழைத்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1984 ஜூலையில், தமது 64-ஆம் வயதில், இத்தாலியின் அதமெல்லோ மலையில் பனியில் சறுக்கி மகிழ்ந்தார். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பெற்ற பியர் ஜார்ஜியோ பிரசாத்தி, மலையேற்றத்திலும் பனிச்சறுக்கிலும் பெருவிருப்பம் கொண்ட இளைஞர். தூரின் நகரத்து ஏழைகளின் இல்லங்களைத் தேடிச் சென்று உதவியவரும் அவரே. ஆகவே, "மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள்" என்று அன்பருக்குச் சொல்ல எனக்குத் தடையேதும் இல்லை.

ஆயினும் மேசைமேல் கிடந்த தாள் என் கண்ணை உறுத்தியது. முதல் நாள் காலை 3 மணிக்குப் புறப்பாடு; இரவு ஐதராபாத். இரண்டாம் நாள் நாக்பூரைக் கடந்து ஏதேனும் ஓர் ஊர். மூன்றாம் நாள் ஆக்ரா, தாஜ்மகால். நான்காம் நாள் இரவு மணாலி. ஐந்தாம் நாள் பனிச்சறுக்கு. ஆறாம் நாள் திரும்பப் புறப்பாடு. முதல் நாள் ஓட்டம் மட்டுமே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஓட்டுபவர் அவர் ஒருவரே. வழியில் எங்கே நிற்பது, எங்கே உண்பது என்ற குறிப்பு எதுவும் இல்லை. "அம்மா?" என்று கேட்டேன். "அம்மாவும் வாராக சாமி. பின் சீட்டுல படுத்துக்கிருவாக" என்றார். அந்த மூதாட்டி ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மௌனம் எனக்கு இன்னொருவரை நினைவூட்டியது. 2003 டிசம்பரில், இளங்குருவாக இருந்தபோது, பங்கு மக்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றேன். கால அட்டவணை முழுவதும் என் கைவண்ணம். விடியுமுன் புறப்பாடு, வெள்ளி அருவி, சலேத் அன்னை ஆலயம், ஏரி, தூண் பாறை, இரவுக்குள் வீடு. பேருந்து வழியில் நில்லாது என்று முன்னரே அறிவித்திருந்தேன். குறித்த நேரப்படியே எல்லாம் நடந்தது. எனக்குள் ஒரு பெருமிதம். மாலையில் தூண் பாறை அருகே கைம்பெண் ஒருவர் மயங்கிச் சரிந்தார். மருத்துவர் பார்த்துவிட்டு, உடலில் நீர் வற்றிவிட்டது என்றார். "காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லையா அம்மா?" என்று கேட்டேன். "வண்டி நிக்காதுன்னு சொன்னீகளே சாமி. குடிச்சா ஒதுங்க எங்க போறது?" என்றார். குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதுவே இன்றுவரை என்னை வருத்துகிறது.

அந்தப் பேருந்தில் அவரை வெறுத்தவர் எவரும் இல்லை. அவரை வேறு யாரேனும் கவனித்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தோம். எருசலேம் விழா முடிந்து திரும்பிய பெற்றோரும், சிறுவன் இயேசு உடன் வரும் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணியே ஒரு நாள் வழி நடந்துவிட்டனர். கூட்டமாய்ச் செல்லும் பயணத்தில் அன்புக்குக் குறைவிருப்பதில்லை. பெயர் சொல்லி எண்ணிப் பார்ப்பதே குறைந்துவிடுகிறது.

இங்கே எழும் அறநெறி வினா இதுதான்: பலர் சேர்ந்து செல்லும் பயணத்தின் வேகத்தை யார் தீர்மானிக்க வேண்டும்? பணம் கொடுப்பவரா? வண்டி ஓட்டுபவரா? விரைந்து நடக்க வல்லவரா?

நமது கரிசல் காட்டில் கிடை போடும் ஆட்டுக்காரரைக் கேட்டால் தயங்காமல் விடை சொல்வார். ஈன்ற ஆடும் இளங்குட்டியும் எவ்வளவு தொலைவு நடக்குமோ, அவ்வளவே கிடையின் ஒரு நாள் வழி. கிடாய்கள் முன்னே ஓடிவிடக் கூடும். அதற்காகக் கிடை ஓடாது. இதே விடையைத் தொடக்க நூலின் 33-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு சொல்லக் கேட்கிறோம். இருபது ஆண்டுகளுக்குப் பின் சந்தித்த அண்ணன் ஏசா, சேர்ந்தே போவோம் வா என்கிறார். பிள்ளைகள் இளையோர், ஆடுமாடுகள் பால்கொடுப்பவை, ஒரு நாள் விரட்டினாலும் மந்தை மடிந்துபோகும்; அவர்கள் நடைக்கு ஏற்ப நான் மெல்ல வருகிறேன் என்கிறார் யாக்கோபு. அண்ணனைத் தவிர்க்க அவர் சொன்ன சாக்கு என்று கருதுவோரும் உண்டு. அவர் ஏசாவின் நாட்டுக்குப் போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது நான் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று முந்தைய அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய இரவில்தான் யாக்கோபின் தொடைச்சந்து பிசகியது. அவர் நொண்டிக்கொண்டே வந்து அண்ணனைச் சந்தித்தார். தன் காலே தளர்ந்த பிறகுதான் குட்டிகளின் கால்கள் அவர் நினைவுக்கு வந்தனவோ?

விரைவையே பழிப்பது என் நோக்கமன்று. இதே திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி என அறியப்பட்டவர், 1896 ஆகஸ்டில் தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்கான பணத்திலிருந்து மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, கடிதம் ஒன்றை எழுதி வைத்துவிட்டு, மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். இரயிலிலும் கால்நடையாகவும் போய்ச் சேர்ந்தார். பதினாறு வயதுத் துறவு உள்ளத்துக்கு அட்டவணை தேவைப்படவில்லை. தனியே செல்பவர் பட்டினி கிடந்தால் அது அவர் ஏற்ற நோன்பு. குடும்பத்தோடு செல்பவர் திட்டமிடாமல் பட்டினி போட்டால் அது பிறர்மீது சுமத்திய துன்பம்.

எனவே அன்பரோடு அமர்ந்து கணக்குப் போட்டேன். விருதுநகர் வழியாகச் செல்லும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை வடக்கே ஸ்ரீநகர்வரை போவது உண்மைதான். அதன் வழியே டில்லியை நெருங்கி, சண்டிகர், மண்டி, குல்லு வழியாக மணாலியை அடைய 3,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்ட வேண்டும். நாளொன்றுக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்தாலும் போக ஆறு நாள், வர ஆறு நாள். அரையாண்டு விடுமுறையோ ஏறத்தாழப் பத்து நாள். டிசம்பர் இறுதியில் வட இந்தியச் சமவெளியில் மூடுபனி கவிந்து எதிரே வரும் வண்டியே தெரியாமற்போகும்; இரவில் ஓட்டி நாள்களை மிச்சப்படுத்தவும் இயலாது. சொந்த வண்டிப் பயணம் என்ற ஆசையை அந்தக் கணக்கே விலக்கியது. மதுரையிலிருந்து டில்லிவரை இரயில். அங்கிருந்து வாடகை வண்டி. இடையில் சண்டிகரில் ஓர் இரவு. மலைப்பாதை பகல் வெளிச்சத்தில் மட்டும். பள்ளிக்கு ஓரிரு நாள் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கும். தாஜ்மகால் இன்னொரு முறை பார்க்கலாம் என்று மகளே சொல்லிவிட்டாள்.

பிறகு பனியைப் பற்றிப் பேசினோம். மணாலியிலிருந்து 13 கிலோமீட்டர் அளவில் உள்ள சோலாங் பள்ளத்தாக்கில்தான் புதியோர் பழகும் சரிவுகள் உள்ளன. அங்கே ஜனவரி, பிப்ரவரியில் பனி இருக்கும் என்று ஓரளவு நம்பலாம். டிசம்பரில் சில ஆண்டுகள் இருக்கும், சில ஆண்டுகள் இராது. இல்லாவிடில், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்தைக் கடந்து, 3,000 மீட்டருக்கு மேலுள்ள லாகூல் பகுதிக்குப் பனியைத் தேடி ஓடத் தோன்றும். சிறுவனும் மூதாட்டியும் உடன் இருக்கையில் அவ்வாறு துரத்துவதா என்பதை இங்கேயே, அருப்புக்கோட்டையில் அமர்ந்தே, முடிவுசெய்துகொள்ளச் சொன்னேன். ஏமாற்றமும் ஆசையும் ஒன்றுசேரும் இடத்தில் நல்ல முடிவு எடுப்பது கடினம். அம்மாவை அழைத்துச் செல்லலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும் என்றும் கூறினேன். நமது மார்கழியில் 20 டிகிரிக்கே தலையில் துண்டைக் கட்டுகிறோம். அங்கே இரவில் நீரே உறையும்.

அடுத்து, வண்டியில் ஏறாதவர்களையும் எண்ணினோம். மலைச் சுற்றுலாத் தலங்களில் பயணிகள் விடுதியில் கம்பளிக்குள் உறங்க, ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே குளிரில் சுருண்டு கிடப்பது வழக்கமாகிவிட்டது. அவருக்கும் ஓர் அறை என்பது செலவுக் கணக்கில் முதலிலேயே இடம்பெற வேண்டும். உறங்காதவரின் கையில் நம் பிள்ளைகளை ஒப்படைக்கிறோம் என்பது இருக்கட்டும். அவரும் ஒரு வீட்டின் பிள்ளையன்றோ? "தறி என்ன ஆகும்?" என்று கேட்டேன். "பூட்டிட்டுத்தான் போறோம் சாமி" என்றார். நெய்த துணிக்கு ஏற்பக் கூலி பெறும் நால்வர் அங்கே இருக்கின்றனர். பத்து நாள் தறி நின்றால் பொங்கல் நெருங்கும் வேளையில் பத்து நாள் கூலி நிற்கும். அன்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "தம்பியைப் பார்த்துக்கிறச் சொல்றேன், தறி ஓடும்" என்றார். அவர் முதலில் கேட்டாரே, இது ஆடம்பரமா என்று. அதற்கு உண்மையான விடை அந்தச் சொல்லில்தான் கிடைத்தது. நம் மகிழ்ச்சியின் விலையை நம்மிலும் எளியவர் தலையில் ஏற்றினால் அது ஆடம்பரம். நாமே கொடுத்தால் அது களிப்பு.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த மகள், "அப்போ எல்லாமே அப்பத்தா வேகத்துலதானா ஃபாதர்? நான் எப்போ வேகமாப் போறது?" என்றாள். நியாயமான கேள்வி. மெல்ல நடப்பவருக்காக விரைபவரின் சிறகை ஒடிப்பதும் அநீதியே. சேர்ந்து செல்லும் வழியில் மெலிந்தவரின் நடை. சேர்ந்து தங்கும் இடத்தில் அவரவர் ஓட்டம். ஒரு நாளாக இருந்ததை இரண்டு நாளாக்கி, அவளுக்குச் சரிவிலே நிறைய நேரம் கிடைக்கும்படி செய்தோம். பயணம் சுருங்கியதால் அவள் பங்கு பெருகியது.

சரிவிலே அவள் மட்டும் பழகினால் போதாது, தந்தையும் பயிற்சியாளரிடம் பழக வேண்டும் என்றேன். காலில் பலகைகளைக் கட்டிக்கொண்ட முதல் மணி நேரத்தில் யாரும் சறுக்குவதில்லை. பக்கவாட்டில் அடியெடுத்து மேடேற, சாய்ந்து விழ, விழுந்தபின் எழக் கற்கிறார்கள். அதன்பின் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, வேகத்தைக் குறைத்து நிற்கக் கற்கிறார்கள். மேல்நாட்டார் இந்நிலையைப் பனிக்கலப்பை என்ற பெயரால் குறிப்பிடுகின்றனர். நிற்கத் தெரிந்தவனே சறுக்கலாம் என்பது அங்குள்ள பாடம். எட்டு வயதுச் சிறுவன் விரைவில் தேறிவிடுவான். நான்கு பேரை ஏவிப் பழகிய நாற்பது வயதுத் தந்தைதான் பலமுறை விழுவார். அந்த ஒரு காலைப்பொழுதில் குடும்பத்திலேயே மெல்ல நடப்பவர் அவராகத்தான் இருப்பார். யாக்கோபுக்கு ஓர் இரவில் கிடைத்த கல்வி அவருக்குப் பனியில் கிடைக்கட்டும்.

எல்லாரும் எழுந்தபோது, அதுவரை வாய் திறவாத மூதாட்டியிடம், "அம்மா, உங்களுக்குப் போக விருப்பமா? யாரும் உங்களைக் கேட்கவே இல்லையே" என்றேன். அவர் முதலில் மகனைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "பனி கிடக்கட்டும் சாமி. இவன் விழுந்து எந்திரிக்கிறதைப் பார்த்து நாப்பது வருசமாச்சு. ஒருக்காப் பார்த்துட்டு வந்துருவேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்து அன்பர் புதிய தாளைக் கொண்டுவந்து காட்டினார். மருத்துவர் சம்மதித்து, மருந்துகளும் எழுதித் தந்திருந்தார். தாளின் முதல் வரியில் ஊர்ப்பெயர் இல்லை; தாயாரின் பெயரும், மருந்து வேளைகளும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்க வேண்டும் என்ற குறிப்பும் இருந்தன. 2003-இல் நான் எழுதிய அட்டவணையில் அப்படி ஒரு வரி இருந்திருக்கலாம். வரும் விடுமுறையில் எங்கேனும் புறப்படவிருக்கும் அன்பர்களே, தொலைவைக் கணக்கிடுமுன் உங்கள் வீட்டில் மெல்ல நடப்பவர் யார் என்று கேளுங்கள். அவரிடமும் ஒரு சொல் கேளுங்கள். தண்ணீர் குடிக்க அஞ்சாமல் அவர் வந்து திரும்பினால், பனி பெய்திருந்தாலும் பெய்யாதிருந்தாலும், அது நல்ல பயணமே.