பாட்டில் வராத ஆள்

ஹட்டனில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், கிட்டார் பழகும் அவருடைய பழைய மாணவனும் பேசிக்கொண்டது.

சீடன்: சேர், ஒரு பங்க் பாட்டு எழுதியிருக்கிறேன். தோட்டத்துத் தொரையைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஆசான்: அதைக் கேட்டு யாருக்குத் தம்பி கோபம் வரும்?

சீடன்: தொரைக்குத்தான்.

ஆசான்: நம் பாட்டைக் கேட்கத் தொரைக்கு ஏது நேரம்? நம் லயக் குடியிருப்பில் எல்லாரும் கைதட்டுவார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயத்தை உரக்கச் சொல்லத் தொண்டை போதும், மூளை எதற்கு?

சீடன்: 1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் பங்க் குழு பிரிட்டிஷ் ராணியைப் பாடியதும் சத்தம்தானே? பிபிசி ஒலிபரப்பவே மறுத்தது.

ஆசான்: ராணியின் வெள்ளிவிழாவுக்கு நாடே கொடி கட்டியிருந்த நேரத்தில் பாடினார்கள். துணிச்சல்தான். ஆனால் பங்க்காரர்களின் ஊக்கு குத்திய கிழிசல் சட்டை சீக்கிரமே கடையில் தொங்கியது. எதிர்ப்புக்கும் ஒரு சீருடை வந்துவிட்டது. என்னைக் கேட்டால், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவில் பாடிய பாலி ஸ்டைரீன்தான் பெரியவள். சோமாலியத் தகப்பனுக்குப் பிறந்தவள், பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தவள். அடையாளம் என்று நாம் சுமப்பதையே 1978இல் ஒரு பாட்டில் சந்தேகப்பட்டாள். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் அவளுடைய கூட்டத்தார்தான்.

சீடன்: நம் மலையில் அப்படி யார்?

ஆசான்: கொழுந்தெடுத்த பெண்கள். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அவர்களுடைய பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார். அவற்றில் கங்காணியும் நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்கிறான். அவன் யார்? ஊர்க்காரன், பல இடங்களில் சொந்தக்காரன். கூட்டிவந்தவனும் அவன், கடனைக் கையில் வைத்திருந்தவனும் அவன், தலைக்காசு வாங்கியவனும் அவன். அவனைப் பாடிவிட்டு மறுநாள் விடிய, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவன் முன்னால்தான் நிற்க வேண்டும்.

சீடன்: மீனாட்சியம்மாள்?

ஆசான்: கணவர் கோ. நடேசய்யரோடு சேர்ந்து 1930களில் இங்கே சங்கம் வளர்த்தவர். மேடையேறினால் பாட்டு. அதுவும் சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில். கிட்டாரில் மூன்று கார்ட் தெரிந்தால் போதும் என்று பங்க்காரர்கள் சொன்னார்களே, அதே நியாயம்: வித்துவான் அல்லாதவனும் வாய் திறக்கலாம்.

சீடன்: பெயர் தெரியாத பெண்களைப் புகழ்கிறீர்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு வந்தது. அதைப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். அவர் கதை உலகம் சுற்றியது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா அந்தப் பாட்டைச் சொல்லி அட்டை போட்டபோது, வரி எழுதிய அறிவின் முகம் அதில் இல்லை. பெயர் இல்லாமல் போவது பெருமையா, சேர்?

ஆசான்: இல்லை. நம் பெண்கள் துறவு பூண்டா பெயரை விட்டார்கள்? எழுதிவைக்க ஆளில்லை, அவ்வளவுதான். உன் பெயரைப் பெரிதாகவே போடு. ஆனால் நாலு சரணத்திலும் தொரைதான் வருகிறான். மாதாமாதம் நம் சம்பளத்தில் சந்தா பிடிக்கவைத்து, தேர்தலுக்கு மட்டும் மலையேறும் சங்கத் தலைவரைப் பற்றி ஒரு வரி இல்லையே, ஏன்?

சீடன்: அப்பா அவருடைய சங்கத்தில் இருக்கிறார், சேர்.

ஆசான்: அப்படியானால் அந்த வரியை எழுதிக்கொண்டு வா. அதுவரை இது தொரையைத் திட்டும் இன்னொரு பாட்டு, அவ்வளவுதான்.