தவணைக்காலத்து உல்லாசப் பயணமும் பெற்றோர் கடமையும்

மக்களுக்குக் கல்வி அளித்தல் தாய் தந்தையர் கடன் என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்ததொன்று. அக்கடனைத் தாமே நேரிற் செய்தற்கு இயலாத பெற்றோர் பாடசாலையை நாடித் தம் பிள்ளைகளை ஆசிரியர் கையில் ஒப்புவிக்கின்றனர். ஒப்புவித்த பின்னர், பாடம் நடைபெறும் தவணைக்காலத்தின் நடுவே அப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உல்லாசப் பயணம் போதற்கு அவர்க்கு உரிமை உண்டோ? எம் பிள்ளை எம் விருப்பம் என்பார் ஒரு சாரார். விதி எல்லார்க்கும் ஒன்றே என்பார் மற்றொரு சாரார். இவ்வினா இங்கிலாந்திலே நீதிமன்றம் வரை சென்று ஆராயப்பட்டதாகலின், அவ்வழக்கினை முதலிற் கூறி, அதன்பின் இதன் நியாயத்தை விசாரிப்பாம்.

இங்கிலாந்தில் 1880-ஆம் ஆண்டுச் சட்டம் 5 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகள் பாடசாலை செல்லுதலைக் கட்டாயமாக்கிற்று. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 444-ஆம் பிரிவு, பாடசாலையிற் பதிவுபெற்ற பிள்ளை ஒழுங்காக வராதொழியின் அஃது அதன் பெற்றோர் செய்த குற்றம் என விதிக்கின்றது. தலைமையாசிரியர் விசேட காரணம் பற்றிக் குடும்ப விடுமுறைக்கென ஆண்டில் 10 நாள் வரை விடுப்பு அளித்தற்கு முன்னர் இடமிருந்தது. 2013-ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் முதல் அது நீக்கப்பட்டு, அசாதாரணமான சூழ்நிலை நேர்ந்தாலன்றி விடுப்பு அளித்தலாகாது என்னும் விதி வந்தது.

வைட் தீவில் வாழ்ந்த ஜோன் பிளாட் என்பவர், தம் மகளை 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள புளோரிடாவுக்கு அழைத்துச் செல்ல விரும்பித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டார். அனுமதி மறுக்கப்பட்டது. ஆயினும் சென்றார், மகள் ஏழு பாடசாலை நாட்களை இழந்தாள். அவருக்கு 60 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. செலுத்தாமையால் அஃது 120 பவுண் ஆயிற்று. அதனையும் செலுத்தாராக, வழக்குத் தொடரப்பட்டது. தம் மகளின் வரவு நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டதாகலின் அவள் ஒழுங்காக வந்தவளே என்பது அவர் வாதம். நீதவான்கள் அதனை ஏற்றனர். 2016-இல் மேல் நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் 2017 ஏப்ரல் 6-ஆந் திகதி ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றத்து நீதிபதிகள் ஐவரும் ஒருமித்து அதனை மறுத்தனர்.

தீர்ப்பெழுதிய ஹேல் சீமாட்டி, ‘ஒழுங்காக’ என்னும் சொல்லுக்கு மூன்று பொருள் கூடுமென எடுத்து ஆராய்ந்தார். ஒத்த இடைவெளியில் என்பது ஒன்று. போதிய அளவு என்பது மற்றொன்று. பாடசாலை வகுத்த விதியின்படி என்பது மூன்றாவது. முதலாவதைக் கொள்ளின் வாரந்தோறும் திங்கட்கிழமை மாத்திரம் வருபவனும் ஒழுங்காக வருபவனே ஆவான். இரண்டாவதைக் கொள்ளின் எத்துணை நாள் போதும் என்பதில் ஒருவர்க்கும் தெளிவு பிறவாது. ஆதலின் மூன்றாவதே சட்டத்தின் கருத்தென முடிந்தது. செலவையும் இடரையும் பொறுத்து விதிவழி நிற்கும் பெற்றோர்க்கு, விதியை மீறுவோர் செய்கை அநீதியாகும் என்பதும் அத்தீர்ப்பிற் காணப்படும் நியாயங்களுள் ஒன்று.

சட்டத்தின் பொருள் இவ்வாறு தெளிந்தது. அறத்தின் வினா இன்னும் எஞ்சி நிற்கின்றது. தவணைக்காலத்திற் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர் செய்யும் பிழைதான் யாது?

ஒரு வாரப் பாடம் போதலால் வரும் நட்டம் சிறிது. கடலும் மலையும் பிறநாட்டு மக்களும் புத்தகம் கற்பியாதவற்றைக் கற்பிக்கும். ஆதலின் பிழை ஒன்றும் இல்லை எனின், கூறுவாம். பயணம் கல்விக்கு உதவும் என்பதை யாமும் மறுக்கமாட்டோம். கூர்மையுள்ள பிள்ளை ஒரு வாரப் பாடத்தை மூன்று நாளிற் பயின்றுகொள்ளவும் கூடும். ஆயினும் வகுப்பு என்பது ஒரு பிள்ளைக்கு உரிய பொருளன்று. அது பலர்க்கும் பொதுவாயது. இங்கிலாந்துப் பாடசாலைகள் பெரும்பாலும் ஆண்டில் 190 நாட்கள், அஃதாவது 38 வாரம், நடைபெறுகின்றன. ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள் உளர் என்றும், ஒவ்வொருவர் பெற்றோரும் தத்தமக்கு வாய்ப்பான வெவ்வேறு வாரத்திற் பிள்ளையை அழைத்துச் சென்றனர் என்றும் கொள்வோம். ஒருவர் கணக்கில் அஃது ஒரு வாரமே. வகுப்பின் கணக்கிலோ, எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கு கூடியிருக்கும் வாரம் ஆண்டில் எட்டுத்தான். மற்றை முப்பது வாரத்தினும் ஆசிரியர், வந்தவர்க்கு மேலே கற்பிப்பதா, சென்று மீண்டவர்க்குப் பழையதைத் திரும்ப உரைப்பதா எனத் தடுமாறுவர். எல்லாரும் செய்தால் இல்லாதொழியும் ஒரு பொதுப்பொருளை, பிறர் செய்யார் என்னும் துணிவினால் ஒருவர் மாத்திரம் துய்த்தல் பிறர் உழைப்பில் வாழ்தலை ஒக்கும். பிழை இங்கே உள்ளது.

அற்றேல், வறியவர் என் செய்வர்? பாடசாலை விடுமுறை வந்தவுடன் விமானக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் ஏறிவிடுகின்றன. வைத்தியசாலையிலும் பொலிசிலும் தொழில் செய்வோர் பலர்க்கு, விரும்பிய மாதத்தில் விடுப்புக் கிடைப்பதும் அரிது. ஆண்டு முழுதும் உழைத்த தாயும் தந்தையும் பிள்ளைகளோடு ஏழு நாள் ஒருங்கிருத்தல் ஆடம்பரமாகுமா எனின், இவ்வினாவில் நியாயம் உண்டு. அதனை எள்ளுதல் தகாது. ஆயினும் ஓரிடத்துள்ள அநீதியை மற்றோரிடத்துக்கு மாற்றுதல் அதற்குப் பரிகாரமாகாது. கட்டண உயர்வின் காரணம், நாட்டுப் பிள்ளைகள் எல்லார்க்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விடுமுறை விடுதலாம். ஜெர்மனியிலே 16 மாநிலங்களும் கோடை விடுமுறையை ஒரே நாளிற் றொடங்காது வெவ்வேறு நாளிற் றொடங்குமாறு முறை வகுத்துக்கொண்டுள்ளன. இத்தகைய ஏற்பாட்டை அரசினரிடத்துப் பலர் கூடிக் கேட்டல் முறை. பாடசாலையின் பின்வாயிலால் தனித்தனியே நழுவுதல் முறையன்று.

இனி, தண்டம் விதித்தலே போதுமோ என்பது சிந்திக்கற்பாலது. இங்கிலாந்தில் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அத்தண்டம் 60 பவுணிலிருந்து 80 பவுணாக உயர்த்தப்பட்டது. 21 நாளுக்குள் செலுத்தாவிடின் 160 பவுண் ஆகும். தாய்க்கு வேறு, தந்தைக்கு வேறு எனப் பிள்ளை ஒன்றுக்கு இது விதிக்கப்படும். ஆயினும் விடுமுறைக்காலக் கட்டணத்தோடு ஒப்பிடின் இது சிறிதாதலும் உண்டு. அப்போது செல்வர் தண்டத்தையும் பயணச் செலவோடு கூட்டிக் கணக்கிட்டு, ‘விலை கொடுத்தோம், இனி எமக்கு என்ன குறை?’ என்கின்றனர். இஸ்ரேல் நாட்டு ஹைபா நகரிலே குழந்தைகளை மாலையில் நேரம் பிந்தி அழைத்துச் செல்லும் பெற்றோர்க்குச் சில காப்பகங்களில் தண்டம் விதித்துப் பார்த்தனர். பிந்தி வருவோர் தொகை குறையாது கூடிற்று. தண்டத்தை நீக்கிய பின்னும் அது பழைய நிலைக்கு மீளவில்லை. இதனை யூரி கினீசி, அல்டோ ருஸ்திக்கினி என்னும் பொருளியலாளர் இருவர் 2000-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். காத்திருக்கும் ஆசிரியை முன் நாணி விரைந்து வந்தவர், பணம் கொடுத்த பின் நாணம் ஒழிந்தனர். கடமைக்கு விலை குறித்தவிடத்து அது பண்டமாய்விடுகின்றது என்பது இதனாற் பெறப்படும். ஆகவே தண்டம் வேண்டுவதாயினும் அதுவே காவலாகாது. பெற்றோர் நெஞ்சே காவலாதல் வேண்டும்.

இவை எல்லாவற்றினும் கொடியது ஒன்று உண்டு. தண்டத்துக்கு அஞ்சிய பெற்றோர் சிலர், பிள்ளைக்குச் சுகவீனம் என்று பாடசாலைக்குச் சொல்லியனுப்பிவிட்டுப் பயணம் புறப்படுகின்றனர். அப்பொய்யைப் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கின்றது. மீண்டு வந்தபின், எங்கே போனாய் என்று தோழர் வினவினால் இன்னது சொல் என்று அதற்குப் பாடமும் சொல்லப்படுகின்றது. இழந்த கணக்கை மறு வாரம் கற்கலாம்; இழந்த இலக்கணத்தை மறு மாதம் கற்கலாம். தாயும் தந்தையும் ஆசிரியரை ஏமாற்றக் கண்ட கண்ணுக்கு எந்தப் பாடத்தால் மருந்திடுவது? நாளை அப்பிள்ளை வளர்ந்து, தன் சுகத்தின்பொருட்டுத் தாய் தந்தையரிடத்தே ஒரு பொய் கூறுமாயின், அவர் அதனை எவ்வாறு கண்டிப்பர்? அவர் தந்த கல்வியையன்றோ அது திருப்பித் தருகின்றது! விதி தவறென்று நம்பிய ஒருவர், வெளிப்படையாகக் கேட்டு, மறுக்கப்பட்டு, சென்று, வழக்கையும் எதிர்நின்றாராயின், அவர் செயலை நாம் ஒப்புக்கொள்ளோம். எனினும் அவர் பிள்ளை பொய்யைக் கற்கவில்லை. மறைந்து செல்வோர் பிள்ளைகளோ அதனையே முதற் பாடமாகக் கற்கின்றனர்.

இஃது அயல்நாட்டார் விவகாரம் என்று நம்மவர் புறக்கணித்தற்கு இல்லை. இலண்டன் முதலிய இடங்களில் வாழும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றின் பாட்டன் பாட்டிமார் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றனர். அவருட் சிலர் இறுதி நோயிற் கிடப்பர், சிலர் காலமாவர். மரணக்கிரியை விடுமுறை பார்த்து வருவதன்று. அத்தகைய சமயத்திற் காரணத்தை உள்ளவாறு எழுதி அனுமதி கேட்டல் எளிது. அசாதாரணமான சூழ்நிலை என விதியில் வைக்கப்பட்ட இடம் இத்தகையன பற்றியதே. சமய வழிபாட்டுக்கென்று அவ்வச் சமயத்தார் ஒதுக்கிய நாளில் வராமையை அந்நாட்டுச் சட்டமும் குற்றமாகக் கொள்வதில்லை. நல்லூர்த் திருவிழாவோ அந்நாட்டுக் கோடை விடுமுறையோடு பெரும்பாலும் ஒத்து வருவது. இவ்வாறு மெய்யான தேவைக்கு வழி இருக்க, உல்லாசத்துக்குத் தேவையின் வேடத்தைப் புனைதல், நாளை மெய்யாகவே தேவையுற்று வருவோர் சொல்லையும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.

ஆதலின் பெற்றோர் செய்யத்தக்கவை இவை. பயணத்தை விடுமுறையில் வைத்துக்கொள்க. பொருள் போதாதாயின் தூரத்தைக் குறைத்துக்கொள்க. பிள்ளைக்கு வேண்டுவது பெற்றோர் உடனிருத்தலேயன்றி விமானத்தின் தொலைவன்று. தவிர்க்க இயலாத காரணம் நேரின், அதனை மறையாது கூறி அனுமதி கேட்க. மறுக்கப்படின் அம்மறுப்புக்கு அமைக. தலைமையாசிரியரும் ஏட்டையே நோக்காது கேட்பவர் முகத்தையும் நோக்கி, தேவையையும் ஆசையையும் பிரித்தறிந்து விடை கூறுக.

பாடசாலை விதி சிறியது. அதனை மீறலும் சிறியதாகவே தோன்றும். ஆயினும் பொது விதிக்குத் தன் பெற்றோர் அமைந்து நடத்தலைப் பிள்ளை முதன்முதற் காணுமிடம் பாடசாலை வாயில். அங்கே அது காண்பது யாது என்பதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டு ஆராய்வாராக.