கட்டுத்தறியும் கடனும்: கால்நடைப் புறக்கணிப்பு குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

உயிர்களுக்கு இழைக்கப்படும் தீங்கினைச் செயல்வழியே காண்பது அறநூல்களின் பொதுவியல்பு. கொல்லுதல், அடித்தல் ஆகியன கண்ணுக்குப் புலனாவன. தீவனம் இடாமை, தண்ணீர் காட்டாமை, நோய்க்கு மருந்து செய்யாமை ஆகியவற்றிலோ ‘செயல்’ எனச் சுட்டுதற்கு ஒன்றுமில்லை. செய்யாமையும் தீங்காகுமா? ஆகுமெனின் அதற்குப் பொறுப்பாவார் யார்? இவ்வினாக்களைப் புந்தேல்கண்ட் பகுதியில் கைவிடப்படும் மாடுகளை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அன்னா வழக்கம்

உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ள வறண்ட நிலப்பகுதி புந்தேல்கண்ட். குளிர்காலப் பயிரின் அறுவடை முடிந்ததும் மாடுகளை அவிழ்த்து மேயவிடுதலும், மழைக்கால விதைப்பின்போது மீண்டும் கட்டிக்கொள்ளுதலும் அங்கு நெடுங்காலமாக நிலவும் வழக்கம். இது ‘அன்னா பிரதா’ எனப்படும். இம்மரபில் கைவிடுதல் என்பது இல்லை. வயல் வெறுமையாயிருந்தது, மாட்டின் உடையவர் யாரென ஊர் அறிந்திருந்தது, திரும்பும் பருவமும் வரையறுக்கப்பட்டிருந்தது.

பின்னர் நிலை மாறியது. உழவெருதின் இடத்தை டிராக்டர் கைக்கொண்டது. அடுத்தடுத்து வந்த வறட்சியும் மேய்ச்சல் நிலத்தின் சுருக்கமும் தீவனத்தை அரிதாக்கின. பசுவதைத் தடைச் சட்டங்களின் கீழ், பால் வற்றிய பசுவையும் உழவுக்கு வேண்டாத காளைக்கன்றையும் விற்கும் வழி அடைபட்டது. கோடையில் அவிழ்க்கப்பட்ட மாடுகளுள் பல தறிக்குத் திரும்ப அழைக்கப்படவில்லை. ஓர் ஊரார் விரட்டிய மாடுகள் மற்றோர் ஊர் வயலில் இறங்குகின்றன. உழவர்கள் இரவெல்லாம் பரண்மீது விழித்திருந்து பயிரைக் காக்கின்றனர். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் 50 இலட்சத்திற்கு மேற்பட்ட மாடுகள் உடையவரின்றித் திரிவதாகக் காட்டியது. ஆகவே இது ஒரு வட்டாரத்தின் சிக்கல் மட்டுமன்று.

செய்யாமையும் ஊறே

செய்யாமையைத் தீங்கெனத் தெளிவாக வகுத்த இந்திய மரபு சமணம். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், கொல்லா விரதத்திற்கு நேரும் குற்றங்களைக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என ஐந்தாகக் கூறுகிறது. இல்லறத்தார் ஒழுக்கத்தைத் தமிழில் உரைக்கும் அருங்கலச்செப்பும் இம்மரபினதே. இவ்வைந்தனுள் முதலாவதும் இறுதியானதும் ஒருங்கு நோக்கத்தக்கன. கட்டப்படாத விலங்கு தன் இரையைத் தானே தேடும். கட்டப்பட்டதற்கோ அவ்வாற்றல் பறிக்கப்பட்டுள்ளது. எனவே அதற்கு உணவிடாதவன் வெறுமனே இருந்தவன் ஆகான். தான் முன்செய்த செயலின் விளைவை நீளவிட்டவன் ஆவான்.

தமிழ் மரபு போற்றும் மனுநீதிச் சோழன் கதையில் கன்றின் இறப்பு தேர்க்காலால் நேர்ந்தது. அதனைச் செய்தவன் யாரெனத் தெரிந்தது. பசு அசைத்த மணி அரசன் செவிக்கு எட்டியது. புறக்கணிப்பிலோ அத்தகைய ஒரு கணமில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக நிகழ்வதால் அது வழக்குமன்றம் ஏறாமலே முடிந்துவிடுகிறது.

அருளும் கடனும்

பாரி முல்லைக்குத் தேரீந்தது அருளின்பாற்பட்டது. ஈயாதிருந்தால் அவனைப் பழிப்பார் இலர். தன் தறியில் நிற்கும் மாட்டிற்கு வைக்கோலிடுதல் அத்தகையதன்று. அதன் பாலையும் உழைப்பையும் எருவையும் கன்றையும் ஒருவன் பெற்றுள்ளான். தமிழில் ‘கடன்’ என்னும் சொல் கடமையையும் திருப்பித் தரவேண்டியதனையும் ஒருங்கே குறிப்பது இங்குக் கருதத்தக்கது. பால் வற்றுதல் கடனின் முடிவன்று. அதனைத் திருப்பித் தரும் காலத்தின் தொடக்கமாகும்.

உடைமை என்பது உடனிருத்தலையும் வேண்டுவது. உரியவன் சென்று பாராவிடின் நிலம் மனைவியைப்போல் ஊடும் என்பது வள்ளுவர் உழவு அதிகாரத்தில் (குறள் 1039) கூறும் கருத்து. உயிரற்ற நிலத்திற்கே இது பொருந்துமாயின் உயிருள்ள மாட்டிற்குப் பொருந்துவதில் ஐயமில்லை.

வறுமை என்னும் எதிர்வாதம்

‘தனக்கே உணவில்லாதவன் பயனற்ற மாட்டிற்கு எங்ஙனம் தீவனமிடுவான்?’ என்னும் வினா புறந்தள்ளத்தக்கதன்று. இயலாததைக் கடமையென விதித்தல் அறமாகாது. எனினும் வறுமை உடையவனின் பழியைக் குறைக்குமேயன்றி மாட்டின் பசியைக் குறைப்பதில்லை. அதன் உரிமைக்கோரிக்கை அழிவதில்லை, அடுத்தவரிடம் செல்கிறது. தன்னால் இயலாதென ஊரவையில் உரைத்து ஒப்படைப்பவனும், இருளில் அயலூர் எல்லையில் ஓட்டிவிடுபவனும் ஒரே வறுமையுடையராயினும் ஒரே அறமுடையர் அல்லர். முன்னவன் பொறுப்பைக் கைமாற்றுகிறான். பின்னவன் அதனை மறைக்கிறான்.

கொல்லலாகாது என விதிக்கும் சமுதாயம், உண்பிக்கும் பொறுப்பையும் உடன் ஏற்றதாகிறது. இதனை உத்தரப்பிரதேச அரசு ஓரளவு உணர்ந்தது. கைவிடப்பட்ட மாட்டை வளர்ப்போருக்கு நாளொன்றுக்கு 30 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2019இல் தொடங்கி, பின்னர்த் தொகையை 50 ரூபாயாக உயர்த்தியது.

சட்டத்தின் அளவுகோல்

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 3ஆம் பிரிவில் விலங்கின் நலம் பேணலை அதனைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் கடமையாக்கியது. உணவு, நீர், உறைவிடம் தராமையும், பசி தாகத்தால் துன்புறும் நிலையில் தக்க காரணமின்றிக் கைவிடுதலும் 11ஆம் பிரிவின்படி குற்றங்களாகும். 2014இல் உச்ச நீதிமன்றம், பசி தாகமின்மை முதலிய ஐவகை விடுதலைகளை இப்பிரிவுகளோடு இணைத்து விளக்கியது. ஆயினும் முதற்குற்றத்திற்குச் சட்டம் வகுத்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. ஒரு மாட்டின் ஒருநாள் தீவனத்திற்கு அரசு தரும் தொகையும், அதனைப் பட்டினியில் விட்டவர் செலுத்தும் மிகுதியான தண்டமும் ஒன்றாயிருத்தல், செய்யாமையை எத்துணை எளிதாக எடைபோட்டுள்ளோம் என்பதற்குச் சான்றாகும்.

முடிவுரை

புறக்கணிப்பு செயலின்மையன்று, கட்டுதல் என்னும் முற்செயலால் தோன்றிய கடனைத் தீராமை ஆகும். அக்கடன் பயன் தீர்வதால் தீராது. அது முதற்கண் உடையவனுக்கும், அவனால் இயலாதவிடத்து ஊர்க்கும் அரசுக்கும் உரியது. பழைய அன்னா வழக்கத்தில் அவிழ்த்த கையே மீண்டும் கட்டியது. அறம் அம்மீட்சியிலேயே இருந்தது எனலாம்.